சீயக்காய் யாருடைய சொத்து?

கீழ்க்கட்டளையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவு மில் வாசலில் நின்று பாருங்கள். சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணும், அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணும் பை தூக்கி வருகிறார்கள். ஒரு பையில் சீயக்காய், வெந்தயம், பூலாங்கிழங்கு. மற்றதில் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ. முன்னது தலைக்கு, பின்னது உடம்புக்கு. சீயக்காயில் நுரைப்பது சபோனின் என்ற பொருள். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது அதுதான். பயற்றமாவின் சொரசொரப்பு, தோலில் செத்த செதிலைத் தேய்த்து நீக்குகிறது. இதைக் கண்டுபிடித்தது எந்தக் கம்பெனியும் அல்ல. பெயர் தெரியாத நம் பாட்டிமார்கள்!

இன்று அதே மஞ்சளும் வேம்பும் படமாகச் சோப்பு உறையில் ஏறியிருக்கின்றன. பணம் எங்கே போகிறது? 1888-ல் லீவர் கம்பெனியின் சன்லைட் சோப்பு பெட்டி பெட்டியாகக் கல்கத்தாவில் வந்திறங்கியது. 1917-ல் பிறந்த டாட்டா ஆயில் மில்ஸ், ஹமாம் போன்ற சுதேசிச் சோப்புகளைச் செய்து போட்டியிட்டது. 1993-ல் அந்தக் கம்பெனியே இந்துஸ்தான் லீவருடன் இணைக்கப்பட்டது. தொழிலாளர் சங்கம் சுப்ரீம் கோர்ட் வரை வழக்காடியது. 1994-ல் அது தள்ளுபடியாயிற்று. இன்று ஹமாமின் சொந்தக்காரரான இந்துஸ்தான் யூனிலீவரின் பங்குகளில் 60 சதவீதத்துக்கு மேல் அந்நிய யூனிலீவர் கையில்!

மஞ்சளையே அபகரிக்கவும் முயன்றார்கள். மஞ்சள்தூள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுக்கப்பட்டது. இந்திய விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய ஏடுகளைச் சாட்சி வைத்துப் போராடி, 1997-ல் அதை ரத்தாக்கியது.

சோப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கை கழுவச் சோப்பு அவசியம். களைத்து வரும் பெண்ணை மறுபடி உரலுக்கும் அம்மிக்கும் அனுப்புவதும் நம் நோக்கமல்ல. 'இயற்கை' என்ற சொல்லே மருந்துமல்ல. அரிப்புக் கண்டால் எந்த மாவையும் நிறுத்தத்தான் வேண்டும். நம் கேள்வி ஒன்றே: உழைப்பு ஒருவருக்கு, லாபம் வேறொருவருக்கா?

மலைக்காட்டில் முள் கிழிக்கச் சீயக்காய் பறிப்பவர் ஆதிவாசி. சிறு வனப்பொருள்கள் மீது அவருக்கு உரிமை உண்டு என்று 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் ஏட்டிலிருந்தால் போதுமா? வியாபாரியின் தராசில் அது தெரிய வேண்டாமா?

ஆகவே நாம் கோருகிறோம்: சீயக்காய் பறிப்பவருக்குக் கட்டுப்படியாகும் விலையைச் சர்க்கார் உத்தரவாதம் செய்யட்டும். மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்களிடம் நேரடியாக வாங்கி, அரைத்து, பாக்கெட் போட்டு, நியாய விலையில் விற்கப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு இயந்திரமும் கடனும் கொடுக்கட்டும். மூலிகைப் படம் போட்டு விற்பவர்கள், உள்ளே அந்த மூலிகை எவ்வளவு என்பதையும் உறையில் அச்சிடட்டும்.

பாட்டி தந்த அறிவு பொதுச் சொத்து. அதன் பலனும் உழைக்கும் மக்களுக்கே சேரவேண்டும்!