மே 17இல் ஏன் விளக்கில்லை?

புலம்பெயர் நாடொன்றில் ஈழத்தமிழர் ஒருவர் நகரசபைக்குத் தெரிவானால் நமது இணையத்தளங்கள் பூரித்துப் போகின்றன. சுவிற்சர்லாந்தோ, கனடாவோ, பிரித்தானியாவோ, வென்றவரின் பூர்வீக ஊர், தந்தையார் பெயர், படித்த பாடசாலை எல்லாம் படத்துடன் வெளிவரும். மகிழ்ச்சிதான். ஆனால் சொந்த மண்ணில், சொந்த மக்களின் வாக்கினால் மேயரான ஒரு பெண்ணுக்கு நாம் என்ன செய்தோம்?

சரோஜினி யோகேஸ்வரன் யாழ்ப்பாணத்தின் முதலாவது பெண் மேயர். 1998 ஜனவரி 29இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் போட்டியிட்டு வந்தவர். நான்கு மாதங்கூட ஆகவில்லை. மே 17இல் அவரது வீட்டுக்கே வந்து சுட்டுக் கொன்றார்கள். 'சங்கிலியன் படை' என்ற பெயரில் உரிமை கோரப்பட்டது. அப்பெயருக்குப் பின்னால் இருந்தவர்கள் யாரென்று யாழ்ப்பாணத்தில் எவரும் எவரிடமும் கேட்கவில்லை. விடுதலைப் புலிகள்தான் என்று ஊர் நம்பியது. நம்பியதை வாய்விட்டுச் சொல்ல அஞ்சியது.

"இராணுவத்தின் பிடியில் நடந்த தேர்தல், வாக்களித்தவர்கள் சிலரே, அரசு அதை உலகுக்குக் காட்டிப் பெருமை தேடிக்கொண்டது" என்பார்கள். மூன்றும் உண்மை. அந்தத் தேர்தலில் நிற்பது சரியா என்று வாதாடியிருக்கலாம், அவரைக் கடுமையாகக் கண்டித்தும் எழுதியிருக்கலாம். வாதத்துக்குப் பதிலாகத் துப்பாக்கியை அனுப்பியவர்களுக்கு இந்த மூன்று உண்மைகளும் எப்படிச் சான்றாகும்?

அவரை அரசின் கைப்பாவை என்று எழுதியவர்கள் 1981ஐ மறந்துவிட்டார்கள். யாழ்ப்பாணம் பொதுநூலகம் எரிக்கப்பட்ட அந்த நாட்களில், பொலிஸாரின் வெறியாட்டத்தில் எரிந்தவற்றுள் யாழ்ப்பாணத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் வெற்றிவேலு யோகேஸ்வரனின் வீடும் ஒன்று. சரோஜினி அவரது மனைவி. கணவனும் மனைவியும் உயிர் தப்பியதே பெரும்பாடு. அரசின் தீக்குத் தப்பிய யோகேஸ்வரனை 1989 ஜூலை 13இல், கொழும்பில், அமிர்தலிங்கத்துடன் சேர்த்துக் கொன்றவர்கள் தமிழ் இளைஞர்கள். பேச்சுவார்த்தைக்கென்று வந்தவர்கள், வீட்டுக்குள் வரவேற்று உட்காரவைக்கப்பட்டவர்கள்.

அந்த இழப்புக்குப் பின் அந்த அம்மையார் ஒதுங்கி வாழ்ந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார். குண்டுகளால் சிதைந்த நகரத்தின் வீதி, வடிகால், குப்பை, சந்தை ஆகியவற்றைப் பார்க்கும் பொறுப்பை ஏற்றார். துரோகம் என்று எதைச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வடிகால் துப்பரவாக்குவதையா?

அவரது நாற்காலியில் அடுத்து அமர்ந்த பொன். சிவபாலனும் அதே ஆண்டு செப்ரெம்பர் 11இல் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். முன்னர், 1975 ஜூலை 27இல், மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலையில் சுடப்பட்டிருந்தார். ஒரே நகரத்தின் மூன்று மேயர்கள். துரையப்பாவின் கொலையைக் கொண்டாடியவர்களில் கூட்டணியின் மேடைப் பேச்சாளர்களும் இருந்தார்கள் என்பதையும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது. 'துரோகி' என்ற சொல்லை முதலில் மேடையில் வளர்த்தவர்கள் அவர்கள்தான்; பிறகு அது அவர்கள் வீட்டுக் கதவையே தட்டியது.

மே 18இல் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்காக உலகெங்கும் விளக்கேற்றுகிறோம். ஏற்றத்தான் வேண்டும். அதற்கு முதல் நாள் சரோஜினியின் நாள். கடந்த மே மாதத்து நினைவேந்தல் அறிவித்தல்களை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவற்றில் எத்தனையில் அவரது பெயர் இருக்கிறது?