களமும் நடுநிலையும்

போருக்குச் செல்வோர் இடம் அறிதல் வேண்டும் என்பது முன்னோர் கண்ட உண்மை. திருவள்ளுவர் ‘இடனறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆடுகளத்திற்கும் அவ்வுண்மை பொருந்தும். கால்பந்து அணி ஒன்று தன் ஊரில் ஆடும்போது பழகிய தரையும் ஊராரின் ஆரவாரமும் அதற்குத் துணை நிற்கின்றன. பயணக் களைப்பும் இல்லை. இதனை எவரும் குறை கூறுவதில்லை. ஏனெனில், சொந்த ஊரில் ஆடும் வாய்ப்பு ஒவ்வோர் அணிக்கும் முறையே வருகிறது. ஆனால், தரையின் இயல்பையே மாற்றி அமைத்துக்கொள்வது முறையாகுமா?

இவ்வினா இங்கிலாந்தில் எழுந்தது. 1981ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் தன் களத்துப் புல்லை அகற்றிச் செயற்கைத் தரையை விரித்தது. லூட்டன், ஓல்டாம், பிரஸ்டன் ஆகிய ஊர்க் கழகங்களும் அவ்வாறே செய்தன. மழையால் ஆட்டம் தடைப்படாது. ஊர் இளைஞரும் நாள்தோறும் அங்கு ஆடலாம். இந்நன்மைகள் புறக்கணிக்கத் தக்கன அல்ல. எனினும், அக்காலச் செயற்கைத் தரை கடினமானது. பந்து அளவுக்கு மீறி எழும்பியது. சறுக்கி விழுந்தவரின் தோல் உராய்ந்து புண்ணாயிற்று. ஊர் அணியினர் ஆண்டு முழுதும் அதில் பழகினர். வந்த அணியினரோ வந்த அன்றே அதற்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. 1994ஆம் ஆண்டில் பிரஸ்டன் கழகமும் புல்லுக்குத் திரும்பவே, அந்நாட்டு லீக் களங்களில் அத்தகைய தரை இல்லாதொழிந்தது.

நார்வே நாட்டின் போடோ நகரத்து நிலை வேறு. அது வட துருவ வட்டத்திற்கும் வடக்கே உள்ளது. நெடுங்குளிரில் அங்குப் புல்லைப் பேணுதல் அரிது. எனவே, அவ்வூர்க் கழகம் தேவை கருதியே செயற்கைத் தரையில் ஆடுகிறது. 2021ஆம் ஆண்டில் அங்கு வந்த இத்தாலியின் ரோமா அணி 1–6 எனத் தோற்றது. தரையே வென்றது எனக் கூறுதல் எளிது. ஆயினும், 2025ஆம் ஆண்டில் அதே ஊருக்கு வந்த டாட்டன்ஹாம் அணி 2–0 என வென்று சென்றது. தரை துணை செய்யலாம். திறமைக்கு அது மாற்றாகாது.

இயற்கை மறுத்ததை முயற்சியால் ஈடு செய்தல் தக்கதே. புல் செழிக்கும் நாட்டில் அதனை அகற்றி, வந்தவர் பழகாத தரையை விரிப்பது, எண்ணம் நல்லதாயினும், நடுநிலை பிறழ்வதே ஆகும். அத்தகைய தரை வேண்டுமெனின், அதில் பழகும் காலத்தை வருவோருக்கும் அளித்தல் வேண்டும்.

இவ்வறம் பெரிய கழகங்களுக்கு மட்டும் உரியதன்று. பிற பள்ளி அணி தம் களத்திற்கு வரும்போது, மேடு பள்ளங்களை முன்னரே காட்டி, சிறிது நேரம் ஆடிப் பழக விடும் மாணவரே வெற்றியின் உண்மையான மகிழ்ச்சியை அறிவர்.