லைசென்ஸ் புதுப்பிக்கச் சொத்துப் பத்திரம் எதற்கு?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் உறுப்பினர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். இப்போது மைசூரில் வாடகை வீட்டில் மனைவி மக்களோடு இருந்துகொண்டு, ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியின் மூலம் பணவண்டியில் காவலுக்குப் போகிறார். அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் லைசென்ஸ் முடிய மூன்று மாதமே பாக்கி. மனு எழுதிக் கொடுக்கும் புரோக்கர் ஒருவன், "சொந்த வீடு இல்லாதவனுக்குப் புதுப்பிக்க மாட்டார்கள், பணம் வைத்தால் நான் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறான். ஏஜென்சியோ, லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது.

"அண்ணே, துப்பாக்கி என் பேர்ல இருக்கு, வேலை துப்பாக்கி பேர்ல இருக்கு" என்றார் அவர். இதைவிடச் சுருக்கமாக நாம் எழுதிவிட முடியாது.

துப்பாக்கி லைசென்ஸ் என்றால் எஸ்டேட் முதலாளிக்கும், இடுப்பில் ரிவால்வரை மறைத்துக்கொண்டு திரியும் பெரிய மனிதருக்கும் உரிய சங்கதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பாங்கு வாசலில் நிற்கும் மீசைக்காரரை நினைப்பதில்லை. அவருக்கு அது கௌரவம் அல்ல, சோறு. கையில் துப்பாக்கி உள்ளவருக்கு ஒரு சம்பளம், வெறுங்கையோடு நிற்பவருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். நமக்குத் துப்பாக்கியின் மேல் காதல் இல்லை. ஆனால் ஒரு தொழிலாளியின் பிழைப்பு ஒரு காகிதத்தில் தொங்குகிறது என்றால் அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசுவது சங்கத்தின் வேலை.

முதலில் சொத்து விஷயம். 1878ல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த ஆயுதச் சட்டம் இந்தியனின் கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்கியது, வெள்ளைக்காரனுக்கு விலக்குக் கொடுத்தது. (நம் மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டு, அதே கையிலிருந்து வந்ததுதான்!) சுதந்திரத்திற்குப் பின் 1959ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. அதன் 14வது பிரிவு என்ன சொல்கிறது? ஒருவருக்குப் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்கிறது. 15வது பிரிவு, அந்த விதி புதுப்பித்தலுக்கும் பொருந்தும் என்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். 18வது பிரிவின்படி மேல் அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். புரோக்கர் சொன்னது பச்சைப் பொய். அந்தப் பொய்க்கு விலை வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

புரோக்கர் வழியில் போனவர்களின் கதியையும் சொல்ல வேண்டும். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் வழங்கப்பட்டதில் நடந்த முறைகேடுகளை சி.பி.ஐ. வழக்குப் போட்டு விசாரித்தது. வெளி மாநிலத்தாருக்குப் பணத்துக்காகக் கொடுக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. கோளாறான லைசென்ஸோடு ஒரு காவலாளி பிடிபட்டால் துப்பாக்கியைப் பிடித்திருப்பவன்தான் முதலில் உள்ளே போகிறான். கமிஷன் வாங்கியவன் வேறு ஊருக்குப் போயிருப்பான்.

இனி விலாசம். நம்மவர் மீதும் குற்றம் உண்டு. அவருடைய லைசென்ஸ் தமிழ்நாட்டில் வாங்கியது. துப்பாக்கியோடு வேறு ஊருக்குக் குடிபோய் முப்பது நாளுக்கு மேல் தங்கினால், அந்த முப்பது நாளுக்குள் பழைய ஊர் அதிகாரிக்கும் புதிய ஊர் அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆறு வருடமாக அவர் தெரிவிக்கவில்லை. "ஓசூர் தாண்டினால் என்ன, இந்தியாதானே" என்கிறார். இந்தியாதான். ஆனால் லைசென்ஸில் எந்த எல்லைக்குள் செல்லும் என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால் மைசூரில் அந்தத் துப்பாக்கியைத் தூக்குவதே குற்றம். தயவுசெய்து இன்றே எடுத்துப் பாருங்கள். நாடு முழுவதற்குமான பதிவேட்டில் உங்கள் லைசென்ஸுக்கு உரிய தனி எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது.

எங்கே போவது என்பதிலும் குழப்பம். மைசூர் நகர எல்லைக்குள் இருப்பவர்களுக்குப் போலீஸ் கமிஷனர் அலுவலகம். நஞ்சன்கூடு, ஹுன்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு மாவட்டத்தின் டெபுடி கமிஷனர், அதாவது நம் ஊர்ப் பேச்சில் கலெக்டர். இரண்டிலும் கமிஷனர் என்ற சொல் இருப்பதால் அரைநாள் சம்பளத்தை இழந்து தப்பான வாசலில் நின்றவர்கள் உண்டு.

2019 டிசம்பரில் வந்த திருத்தத்தால் லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது. நல்லது. ஆனால் அதே திருத்தம், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் குறைந்தது இரண்டு வருடம், கூடினால் ஐந்து வருடம் சிறை என்று ஆக்கிவிட்டது. ரயிலில் சீசன் டிக்கெட் காலாவதியானால் அபராதம் கட்டி இறங்கி வீட்டுக்குப் போகலாம், இது அப்படி அல்ல. புதுப்பித்து வருவதற்குள் தேதி முடிந்துவிட்டால், தாமதிக்காமல் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பரண்மேல் துணியில் சுற்றி வைக்காதீர்கள்.

தேர்தல் வந்தால் இன்னொரு தொல்லை. 2024ல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது மார்ச் 16, முடிவு ஜூன் 4. எண்பது நாள். துப்பாக்கியை ஒப்படைக்க உத்தரவு வந்த காவலாளிக்கு அந்த எண்பது நாளும் துப்பாக்கிக்காரர் சம்பளம் உண்டா? யாருடைய துப்பாக்கி எடுக்கப்பட வேண்டும் என்று பார்க்க மாவட்டக் குழு உண்டு. பாங்குக் காவலில் இருப்பவர் விலக்குக் கேட்டு மனுச் செய்யலாம். அதற்குப் பாங்கின் கடிதம் வேண்டும். கடிதம் கொடுக்க வேண்டியவர்கள் கொடுப்பதில்லை.

மைசூரிலிருந்து மடிக்கேரிக்குப் போகும் பஸ்ஸில் மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் வேறொரு நியாயம். அங்கே குடகர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் லைசென்ஸே வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் விலக்கு. மத்திய அரசு 2019ல் அதை 2029 வரை நீட்டித்தது. 2021ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. அவர்கள் மேல் நமக்குப் பொறாமை இல்லை. பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய மண் அது. அதே பட்டாளத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்த நம் ஆள் மட்டும் வாடகை வீட்டுக்காரன் என்பதற்காகப் புரோக்கர் வாசலில் நிற்கிறானே, அதைத்தான் கேட்கிறோம்.

ஏஜென்சிகளுக்கு நம் கோரிக்கை மூன்று. புதுப்பிக்க அலையும் நாட்களுக்குச் சம்பளத்தோடு லீவு. வேலையைக் குறிப்பிட்டு ஒரு கடிதம். தேர்தலுக்காகத் துப்பாக்கி ஒப்படைத்த காலத்தில் சம்பள வெட்டு கூடாது. தொழிலாளியின் சொந்தத் துப்பாக்கியைக் காட்டித்தானே பாங்கிடம் கூலி பேசுகிறீர்கள்? அதன் செலவில் உங்களுக்குப் பங்கு இல்லையா?

வாடகைக்கு விட்டிருக்கும் நம் இனத்தவருக்கும் ஒரு வார்த்தை. வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள். வெறும் வாய்ப்பேச்சில் குடிவைத்தால் அந்தக் குடும்பத்துக்கு இந்த ஊரில் விலாசமே கிடையாது.

வேலூர்க்காரர் தாமதமானதை ஒப்புக்கொண்டு இரண்டு ஊர் அதிகாரிகளுக்கும் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. புதுப்பிக்கும் மனுவைக் கன்னடத்தில் எழுதித் தரச் சங்கத்தில் இருவர் இருக்கிறார்கள். அடுத்த ஓராண்டுக்குள் லைசென்ஸ் முடிகிறவர்கள் அசலை வீட்டில் வைத்துவிட்டு, நகலோடு ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள். துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டாம்.