உங்க வீட்டு ஃபைபர் பாக்ஸுக்கும் ஏஐக்கும் ஒரே சிப்: தட்டுப்பாடு வருமா?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஃபைபர் இணைப்பு எடுத்தால், சுவரில் ஒரு சின்ன பாக்ஸை மாட்டிவிட்டுப் போவார்கள். அதற்குள் கடுகைவிடச் சிறிய லேசர் சிப் ஒன்று இருக்கிறது. நீங்கள் அப்லோடு செய்வதை 1,310 நானோமீட்டர் ஒளியாக மாற்றி அனுப்புவது அதுதான். சிலிக்கான் ஒளியைச் சரியாக உமிழாது என்பதால், இதை இண்டியம் பாஸ்பைடில் செய்கிறார்கள்.

சிக்கலே அங்கதான். ஏஐ டேட்டா சென்டர்களில் ஆயிரக்கணக்கான ஜிபியுக்களை இணைக்க காப்பர் வயர் தாங்காது. அங்கேயும் இதே பொருளில் செய்த லேசர்தான் வேண்டும். 2025 மார்ச்சில், ஒளிப் பாகங்களை சிப்போடு சேர்த்தே பொதிந்த ஸ்விட்ச்களை என்விடியா அறிவித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் இண்டியம் பாஸ்பைடு ஏற்றுமதிக்கு லைசென்ஸ் கட்டாயம் என்றது சீனா. ஒரு பக்கம் டிமாண்ட், மறுபக்கம் பூட்டு.

வீட்டு பாக்ஸில் இருப்பது பழைய, மலிவான ரக லேசர். அதனால் விலை நாளைக்கே எகிறாது. ஆனால் லாபம் டேட்டா சென்டர் ரகத்தில் என்றால், தயாரிப்பாளர்கள் இதற்கு எவ்வளவு வேஃபர் ஒதுக்குவார்கள்?

தோலேராவில் டாடா கட்டும் ஃபேப் சிலிக்கானுக்கானது. ஐஐடி மெட்ராஸில் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் மையம் இருக்கிறது. அந்த சிப் ஒளியை வழிநடத்தும், உருவாக்காது. தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் செமிகண்டக்டர் இயக்கத்துக்கு அறிவித்த 500 கோடி ரூபாயில் ஒரு ஃபேபுக்கு அஸ்திவாரம்கூடப் போட முடியாது. டிசைன், டெஸ்டிங், பேக்கேஜிங்குக்கு அது உதவும். ஃபைபரை சிப்போடு மைக்ரான் துல்லியத்தில் பொருத்தும் வேலைக்குத்தான் செலவும் ஆளும் அதிகம். விருதுநகர் மாவட்ட இசிஇ பட்டதாரிகள் பார்க்க வேண்டிய இடம் அது.