கச்சை கட்டுவோம்

ஒரு செயலில் முழு மூச்சுடன் இறங்குகிறவனைக் 'கச்சை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்' என்கிறோம். 'வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறான்' என்கிறோம். தார்ப்பாய்ச்சிய வேட்டியும் லங்கோடும் அன்றாடக் காட்சியாக இருந்த காலத்தின் சொற்கள் இவை. உடலுழைப்புக்கான ஆயத்தம் இடுப்பிலிருந்து தொடங்குகிறது என்பதை மொழி நினைவில் வைத்திருக்கிறது. நாம்தான் மறந்துவிட்டோம். இலக்கியம் பேசும் இடத்தில் அரைக்கால் சட்டையையும் ஜட்டியையும் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்த முகச்சுளிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கோவை ரேஸ் கோர்ஸ் சாலையிலும் விடியுமுன்பே ஓடுகிறவர்கள் இப்போது ஏராளம். காலணியைப் பற்றி அவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து வாங்கவும் தயங்கமாட்டார்கள். ஆனால் இடுப்புக்குக் கீழே அணிவதோ, பழைய பெர்முடாவும் அன்றாடப் பருத்தி உள்ளாடையும்தான். கடையில் அளவு பார்த்து, தைத்த விதம் பார்த்து, நாலு கேள்வி கேட்டு வாங்கக் கூச்சம். எண்ணைச் சொல்லிவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நழுவிவிடுகிறோம்.

விளைவை உடம்பு அனுபவிக்கிறது. ஓடுகிறவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 அடிகள் வைப்பதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் பத்தாயிரம் தடவைக்கு மேல் தொடையோடு தொடை உரசுகிறது. உலர்ந்த தோல் இதைத் தாங்கும்; நனைந்த தோல் தாங்காது. வியர்வை காயக் காய உப்பு தங்கி, உப்புத்தாள்போல் தேய்க்கும். சென்னையில் அதிகாலைக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். வியர்வை எளிதில் ஆவியாகாது. துணி அதை என்ன செய்கிறது என்பதே இங்கு கேள்வி.

இங்கேதான் நம் பருத்திப் பற்றைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் பருத்திக்கு இணை கிடையாது. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் பருத்தி இழை நீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 8 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடுதான். எனவே அரை மணி ஓட்டத்தில் பருத்தி உள்ளாடை கனத்து, சுருண்டு, தொடையிடுக்கில் கயிறாகத் திரிந்துவிடுகிறது. செயற்கை இழை நனையாது என்று விளம்பரக்காரர்கள் சொன்னால் நம்பவேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் எல்லாமே நனையும். ஆனால் அது கனக்காது, உருக்குலையாது, சீக்கிரம் காய்ந்துவிடும். அதற்கும் குறைகள் உண்டு. வியர்வை நாற்றத்தை எளிதில் விடாது. துணியை மென்மையாக்கும் திரவத்தில் அலசினால் ஈரத்தைக் கடத்தும் குணம் குன்றும்.

அந்தக் காலத்து மல்லர்கள் பருத்தி லங்கோட்டோடு பொருதவில்லையா என்று கேட்கலாம். பொருதார்கள். லங்கோடு உடம்போடு இறுக ஒட்டி நிற்பது; மற்போர் மணிக்கணக்காக ஒரே தாளத்தில் தொடர்வதன்று. வேலைக்கேற்ற கச்சையை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் தேர்வைத்தானே தவிர, துணியை அன்று.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. முதலில் ஆடையை உள்புறம் வெளியே தெரியத் திருப்பித் தையலைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. மேடாக விரலில் தட்டுப்பட்டால், இரண்டாவது கிலோமீட்டரில் தோலிலும் தட்டுப்படும். தொடைகள் உரசும் உடல்வாகு கொண்டவர்கள் பாதித் தொடை வரை நீளும், உடலோடு ஒட்டிய உள்ளாடையை எடுப்பது உத்தமம். மெலிந்தவர்களுக்கு வலைத்துணி உள்ளிணைத்த குட்டைக் கால்சட்டையே போதும். அதற்குள் இன்னொரு உள்ளாடை தேவையில்லை. இடுப்பு நாடாவுக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழையவேண்டும். போட்டுப் பார்க்க வசதியிருந்தால், நின்று கண்ணாடி பார்ப்பதோடு நிறுத்தாமல், முழங்காலை இடுப்புவரை உயர்த்திப் பாருங்கள், குந்தி எழுங்கள். பெரிய போட்டியன்று புது ஆடை வேண்டாம். ஓடி முடித்ததும் உடனே மாற்றிவிடுங்கள்; ஈரத்தோடு உட்கார்ந்து காபி குடித்துக் கதை பேசுகிறவர்களைப் படர்தாமரை தேடி வரும்.

இத்தனை எளிய செய்தி ஏன் பலருக்குப் போய்ச் சேருவதில்லை? கூச்சம்தான். அது நமக்கு மட்டும் உரியதுமன்று. ஆண்களுக்கான விளையாட்டு உள்ளாடையை பென்னெட் என்பவர் அமெரிக்காவில் 1874இலேயே வடிவமைத்துவிட்டார். பாஸ்டன் நகரின் கற்சாலைகளில் மிதிவண்டி ஓட்டியவர்களுக்காக. பெண்கள் ஓடுவதற்கான மார்புக் கச்சு அதே நாட்டில் பிறக்க 1977 வரை, நூறாண்டுக்கு மேல், காத்திருக்க வேண்டியிருந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண்களின் அந்த உள்ளாடை இரண்டை வெட்டி ஒன்றாகத் தைத்து முதல் மாதிரியை உருவாக்கினார்கள். தேவை அதற்கு முன்பே இருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.

சொன்னாலும் கேட்கப்படுவது எளிதன்று. 2021இல் நார்வேயின் கடற்கரைக் கைப்பந்துப் பெண்கள் அணி, விதித்திருந்த பிகினிக்குப் பதிலாக அரைக்கால் சட்டை அணிந்து ஆடியதற்காக 1500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே விதி மாறியது. மேலும் கீழும் வெள்ளையே உடுத்தவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த விம்பிள்டன், மாதவிடாய்க் காலக் கவலையை மதித்துப் பெண்கள் அடர்நிற உள்கால்சட்டை அணிய அனுமதித்தது 2023இல்தான். ஓரிடத்தில் உடம்பைக் காட்டச் சொன்னார்கள். இன்னோரிடத்தில் மரபைக் காக்கச் சொன்னார்கள். அணிகிறவளின் வசதியை இரண்டு இடத்திலும் கடைசியாகத்தான் கேட்டார்கள்.

நம் பள்ளிகளுக்கு வருவோம். ஆறாம் வகுப்பில் மைதானமெங்கும் பறந்த சிறுமி ஒன்பதாம் வகுப்பில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புத்தகம் வைத்துக்கொள்வதை நம்மில் பலர் பார்த்திருப்போம். காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஓடுவதற்கு உரிய கச்சும் கறை தெரியாத கால்சட்டையும் அவளுக்கு உண்டா என்று தாயோ ஆசிரியையோ ஒருமுறையேனும் கேட்டிருந்தால், சிலராவது எழுந்து ஓடியிருப்பார்கள் என்பது என் துணிபு. சர்க்கரை நோய்க்காக மருத்துவர் ஓடச் சொன்ன ஐம்பது வயதுக்காரரின் கதையும் இதுவே. இரண்டாம் வாரம் 'முழங்கால் வலி' என்று நின்றுவிடுவார். உண்மையில் வலித்தது வேறிடமாக இருக்கலாம். அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

உலகத்துக்கே உள்ளாடை தைத்து அனுப்பும் திருப்பூரைக் கொண்டிருக்கும் நாட்டில், உள்ளாடையைப் பற்றிப் பேச வெட்கப்படுவது வேடிக்கை. தொழிலாகப் பெருமிதம் கொள்கிறோம். தேவையாகப் பேச நாணுகிறோம். காலணிக்குச் செலவிடுவதில் பத்தில் ஒரு பங்கையேனும் கச்சைக்குச் செலவிடுங்கள். அதைவிட முக்கியமாக, புதிதாக ஓட வருகிறவரிடம், அவர் கேட்கும் முன்பே, இதைச் சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.