கரையை முன்னரே பலப்படுத்துவோம்



நம் திருவரங்குளம் வட்டாரத்து உழவர் அறிந்ததே: கண்மாய்க் கரையை வெள்ளம் வந்த இரவில் கட்ட இயலாது, கோடையிலேயே மண்ணிட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும். ஆன்மப் போராட்டமும் அத்தகையதே. நோய், கடன், மது மயக்கம் ஆகிய சோதனைகள் நாள் குறித்து வருவதில்லை.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியாளர். பொருள் இழந்து மனம் நொந்திருந்தபோது, படைத்தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். துன்பம் என்பது கடவுள் கைவிட்டதன் அடையாளமன்று என அவர் தெளிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டார். அடியும் அவமானமும் தொடர்ந்தன. அவர் விசுவாசத்தினின்று அசையவில்லை. 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு வேதசாட்சியானார். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அவருடைய மனவுறுதி சிறைக்குள் திடீரென முளைத்ததன்று. யோபுவைப் பற்றிக் கேட்ட நாளிலேயே அதற்கு வித்திடப்பட்டது. ஆண்டுதோறும் செபத்தால் அது வேரூன்றியது.

ஆகவே பெற்றோரே, இன்றிரவு செபமாலைக்குப் பின் பிள்ளைகள் கேட்க விவிலியத்தில் ஒரு பகுதியை வாசியுங்கள். அவர்கள் தூக்கக் கலக்கத்தில் கேட்பதுபோல் தோன்றலாம்; சோர்ந்துவிடாதீர்கள். நாளை பிழைப்புத் தேடிச் சென்ற ஊரில் அவர்கள் தனித்துச் சோதிக்கப்படும்போது நீங்கள் அருகில் இருக்கமாட்டீர்கள். வீட்டில் கேட்ட இறைவார்த்தை உடனிருக்கும்.