லட்சுமி கடாட்சம் எங்கே போயிற்று?

திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து பொங்கல் தின்றுவிட்டுப் போவதை நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். இன்று கழுகும் வருவதில்லை. ஏன் வரவில்லையென்று கேட்பாரும் இல்லை. பட்சி விஷயத்தில் கேளாதிருந்தால் நஷ்டமொன்றும் இல்லை. பணத்தைக் கொடுத்த இடத்திலும் அப்படியே கும்பிட்டுக்கொண்டிருந்தால் கதி என்னவாகும் என்பதற்குக் கரூர் லட்சுமி விலாஸ் பாங்கியின் கதையே போதும்.

1926-ல் கரூர் வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்த பாங்கி அது. பெயரிலேயே லட்சுமி குடியிருந்தாள். ஆனால் கொடுத்த கடனில் நூற்றுக்கு 25 ரூபாய் வசூலாகாமல் நின்றபோது அந்த அம்மாள் ஒரு காசும் கொண்டுவந்து போடவில்லை. 2020 நவம்பர் 17-ந் தேதி, டிபாசிட்காரர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாதென்று உத்தரவாயிற்று. 27-ந் தேதி அந்தப் பாங்கி, சிங்கப்பூர் டி.பி.எஸ். பாங்கியின் இந்தியக் கம்பெனியோடு சேர்க்கப்பட்டுவிட்டது. பத்தே நாள்! சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூடப் பல் பார்த்து, சுழி பார்த்து, இதைவிட நிதானமாய் விலை பேசுவான்.

டிபாசிட்காரர் பணம் தப்பிற்று. அது நியாயமே. ஆனால் பங்குக்காரர் முதல் முழுவதும் சூனியமென்று எழுதித் தள்ளப்பட்டது. 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரமும் அப்படியே. லாபம் வாங்க வந்தவன் நஷ்டத்தையும் தாங்க வேண்டியதுதானே என்பர் சில பண்டிதர்கள். ஒப்புக்கொள்வோம். ஆனால் அதே வருஷம் செப்டம்பரில், 7 டைரக்டர்கள் வேண்டாமென்று வோட்டுப் போட்டவர்களும் இதே பங்குக்காரர்கள்தானே? பாங்கியையே கைமாற்றும்போது அவர்கள் வோட்டு எங்கே போயிற்று? ஆட்சேபணை சொல்ல மூன்று நாள் தவணை, அவ்வளவே மரியாதை!

சுவிட்சர்லாந்திலும் இதே கூத்துத்தான். 2023 மார்ச்சு 19-ல், 1856-ல் பிறந்த கிரெடிட் சுவிஸ் பாங்கியை யு.பி.எஸ். பாங்கிக்கு 300 கோடி பிராங்குக்கு முடித்துவைத்தார்கள். அங்கும் பங்குக்காரரை வோட்டுக் கேட்கவில்லை. சுமார் 1,600 கோடி பிராங்குக் கடன் பத்திரம் ஒரே நாளில் சூனியமாயிற்று. அது சட்டத்துக்கு விரோதமென்று 2025-ல் அந்நாட்டுக் கோர்ட்டு ஒன்று தீர்ப்புச் சொல்லிற்று. அங்கே பங்குக்காரருக்குச் சில்லறையாவது மிஞ்சிற்று. கரூர்ப் பங்குக்காரருக்கோ அதுவும் இல்லை.

பாங்கிகளைச் சேர்க்கவே கூடாதென்று நாம் சொல்லவரவில்லை. சூனியமென்று சொல்லுகிறவர்கள் கணக்கைப் பொதுவில் விரித்து, சம்பந்தமில்லாத ஆளைக்கொண்டு மதிப்புப் போட்டுக் காட்டட்டும் என்றுதான் கேட்கின்றோம். மடியில் கனமில்லாதவருக்கு வழியில் பயம் ஏன்?

தோழர்களே! ஒரு பாங்கியில் ஒருவர் போடும் டிபாசிட்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை இன்ஷ்யூரன்ஸ் உண்டு. பங்குக்கு ஒரு காசும் கிடையாது. ஆகவே பெயரைப் பார்த்தும், வாசலில் மாட்டிய படத்தைப் பார்த்தும் பணத்தைக் கொடாதீர்கள். கணக்கைக் கேளுங்கள், புரியாவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.